மாப்பிள்ளை ஓட்டிய தீவன மில்

மெஷின் பயிற்சிக்கு வந்தவர்களைச் சந்தனம் கொடுத்து, பன்னீர் தெளித்து வரவேற்றதை என் வாழ்நாளில் அன்று ஒருநாள்தான் பார்த்தேன்.

ராசிபுரம் தாண்டி நாமக்கல் போகிற வழியில் ஒரு முட்டைக்கோழிப் பண்ணை. அங்கே புதிய தீவன மில்லை நிறுவி, ஓட்டிக் காட்டி, பண்ணை ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வர வேண்டும். மெஷின் விற்கும் கம்பெனியின் சேலம் கிளையில் நான் சர்வீஸ் இன்ஜினியர். அஸ்தம்பட்டியில் எங்கள் ஆபீஸ். மாடிப்படி ஏறினால் இடது பக்கம் பல் டாக்டர், வலது பக்கம் நாங்கள். இரண்டு பக்கமும் ஜனங்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் ஏறி வருவார்கள்.

காலை ஒன்பதரைக்கு மில் ஷெட்டுக்குள் நுழைந்தேன். கண்ட்ரோல் பேனலுக்கு எதிரே சிவப்பு வெல்வெட் உறை போட்ட நாற்காலிகள். கல்யாண மண்டபத்திலிருந்து வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஒன்பது நாற்காலி, ஒன்பது பேர்.

முதலாளி நல்லசாமியின் மாப்பிள்ளை நட்டநடுவில். அவருக்கு வலப்பக்கம் அவருடைய அப்பா, அதாவது சம்பந்தி. இடப்பக்கம் நல்லசாமியின் பெரிய மச்சான். அப்புறம் நாள் குறித்துக்கொடுத்த ஜோசியர், ஷெட்டு கட்டிய மேஸ்திரி, சம்பந்தியின் தம்பி, சம்பந்தியின் தம்பியோடு காரில் வந்த இரண்டு பேர். ஒன்பதாவது ஆள் பக்கத்துத் தோட்டத்துக்கு வழி கேட்க வந்தவர். விசேஷ வீட்டுக்கு வந்தவரை நிற்கவைத்துப் பேசக் கூடாது என்று அவரையும் உட்காரவைத்துவிட்டார்கள்.

மில்லில் வேலை செய்கிற ஐந்து பேரும் பின்னால், சாக்கு மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றார்கள். அவர்களில் ஒருவர் கையில் டீ தட்டு இருந்தது. அவர் பெயர் பாவாயி.

யார் ஓட்டப்போவது?

கோழித் தீவன மில் என்றால் பெரிய மந்திரம் ஒன்றும் கிடையாது. மக்காச்சோளத்தை அரைத்து, சோயா புண்ணாக்கு, தவிடு, சுண்ணாம்புக்கல் தூள் எல்லாவற்றையும் அளவாகச் சேர்த்துக் கலக்க வேண்டும். பழைய மில்லில் அதைத் தராசும் தலைச்சுமையுமாகச் செய்தார்கள். புதியதில் தொடுதிரையில் விரல் வைத்தால் மெஷினே எடைபோட்டு எடுத்துக்கொள்ளும். ஆனால் யார் விரல் வைப்பது என்று முதலில் முடிவாக வேண்டுமே.

"சார், மெஷினை ஓட்டப்போறவங்க யாரு?" என்று நல்லசாமியைக் கேட்டேன்.

"எல்லாமே நம்மாளுங்கதானுங்க மேடம். மொதல்ல பெரியவிய கேக்கட்டும். பொறவு அவிய இவங்களுக்குச் சொல்லிப்போடுவாங்க."

அவர் மோசமானவர் அல்ல. என் அத்தா சேலத்தில் சாக்குக்கடை வைத்திருக்கிறார். நல்லசாமி அவருடைய பழைய வாடிக்கையாளர். முதல்நாள் என்னைப் பார்த்ததும், "நம்ம சாக்குக்கடை பாய் பொண்ணுங்களா? அப்ப நம்மூட்டுப் புள்ளையாட்டத்தான்" என்று இளநீர் வெட்டச் சொன்னவர். வீட்டுப் பிள்ளைக்கு இளநீர் கிடைக்கும். மில்லை ஓட்டுகிற ஆளுக்கு நாற்காலிதான் கிடைக்காது.

பயிற்சி தொடங்கும் முன், மக்காச்சோளம் கொட்டுகிற குழியைக் கூட்டிக்கொண்டே பாவாயி என்னிடம் பேசியிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். பழைய மில்லைப் பன்னிரண்டு வருஷம் ஓட்டியவர். வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே 'கூலி' என்றுதான் இருந்தது. புது மில்லுக்கு மாதச் சம்பளத்தில் ஒரு ஆபரேட்டர் போடுவதாக நல்லசாமி சொல்லியிருந்தார்.

"அந்த வேலைய எனக்குத்தான் குடுக்கோணும்னு கேட்டிருக்கறேனுங்க மேடம். கூலின்னா, நாளைக்கு வராதேன்னு சொன்னா வரக்கூடாதுங்க. ஆபரேட்டர்னு ஒருக்கா எழுதிட்டா அப்படிச் சும்மா சொல்லிப்போட முடியாதுங்கல்ல?"

அந்த எழுத்து என் பையில்தான் இருந்தது. எங்கள் கம்பெனிப் படிவத்தின் கடைசிப் பக்கம்: 'அங்கீகரிக்கப்பட்ட ஆபரேட்டர்'. ஒரே ஒரு வரி, ஒரே ஒரு பெயர். அந்தப் பெயருக்குத்தான் சான்றிதழ். அந்தப் பெயரைத் தவிர வேறு யாராவது மெஷினைத் திறந்து கை வைத்தால் வாரண்டி செல்லாது.

டீயை என் மேஜையில் வைக்கும்போது பாவாயி குனிந்து மெல்லக் கேட்டார்: "நானும் செத்த நேரம் உக்காந்து கேக்கலாமுங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் நல்லசாமி, "பாவாயி, சம்பந்திக்குச் சக்கரை இல்லாம ஒண்ணு கொண்டா" என்றார். பாவாயி போய்விட்டார்.

நான் அடுத்த ஸ்லைடைப் போட்டேன். 'இவங்க இருக்கட்டும் சார்' என்று மூன்று வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாடிக்கையாளர் வீட்டு மரியாதையில் தலையிடக் கூடாது என்று எனக்கும் ஒரு பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். அதில் நான் நல்ல மதிப்பெண் எடுத்தவள்.

ஸ்லைடில் சிரித்த வெள்ளைக்காரர்கள்

எங்கள் தலைமை ஆபீஸ் வடக்கே இருக்கிறது. பயிற்சிக்கான ஸ்லைடுகளை அங்கேதான் தயாரிப்பார்கள். பாதி ஆங்கிலம், பாதி இந்தி. எல்லா ஸ்லைடிலும் மஞ்சள் தொப்பி போட்ட வெள்ளைக்காரர்கள் நட்டு போல்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். நட்டு போல்டைப் பார்த்து அப்படிச் சிரித்த ஒரு ஆளை நான் ராசிபுரத்தில் கண்டதில்லை.

தமிழில் போட அனுமதி கேட்டு இரண்டு முறை எழுதினேன். 'உங்கள் ஆலோசனை மதிக்கப்படுகிறது' என்று இரண்டு முறையும் பதில் வந்தது. அதற்கு மேல் அதை மதிக்க அவர்களுக்கு நேரமில்லை போலிருக்கிறது.

ஆகவே நானே வாயால் தமிழ்ப்படுத்திக்கொண்டு போவேன். அன்றும் அப்படித்தான். "இது எமர்ஜென்சி பட்டன். சிவப்புக் குமிழ். அமுக்கினா எல்லாம் நின்னுடும். உள்ளேயே மாட்டிக்கும். திரும்ப ஓட்டணும்னா வலது பக்கம் திருகணும். திருகினாத்தான் வெளியே வரும்."

ஜோசியர் தலையாட்டினார். மேஸ்திரி தூங்கினார். மாப்பிள்ளை போனில் என்னைப் படம் எடுத்தார். சம்பந்தி மட்டும் ஒரு கேள்வி கேட்டார்: "ஏனுங்க மேடம், இதுக்குக் கரண்டு பில் நெம்ப வருமுங்களா?"

கடைசியில் குழுப் படம். ஒன்பது பேரும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்கள். ஆபரேட்டர் வரியில் மாப்பிள்ளையின் பெயரை நல்லசாமியே அழகான கையெழுத்தில் எழுதினார். நான் கீழே 'பயிற்சி பெற்றார், தேர்ச்சி அடைந்தார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பின்னால் நின்ற பாவாயி காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளையின் பெயரை இங்கே நான் எழுதப்போவதில்லை. அது ஏற்கெனவே வேண்டிய அளவுக்கு எழுதப்பட்டுவிட்டது.

கொஞ்சம் வாழப்பாடிப் பக்கம்

இந்தப் பகுதியில் போன வாரம் நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், "எங்க ஜனங்களைக் கிண்டல் பண்றதே உங்களுக்கு வேலையா?" என்று கேட்டார். என்ன செய்வது? எனக்கு வாய்த்த ஊர் இது. என் சொந்த ஊரும் இதுதான்.

வாழப்பாடிப் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் எடைபோட்டுப் பைகட்டும் மெஷின் போட்டுக் கொடுத்தேன். இரண்டு வருஷம் கழித்து, 'திரையில் எழுத்தே தெரியவில்லை' என்று புகார் வந்தது. போய்ப் பார்த்தால், புதிதாக வரும்போது திரைமேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் உறையை இன்னும் உரிக்கவே இல்லை. ஜவ்வரிசி மாவு அதன்மேல் படிந்து படிந்து சுவர்போல ஆகிவிட்டிருந்தது. உரித்தேன். முதலாளி பதறிப்போனார். "அய்யோ மேடம், புதுசாவே இருக்கட்டும்னு வச்சிருந்தோமே!"

கையேடு எங்கே என்று கேட்டேன். பூஜை அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். சாமி படங்களுக்கு நடுவே சந்தனம் குங்குமத்தோடு இருந்தது. பிரித்துப் பார்த்தவர் யாருமில்லை. அதற்குத் தினமும் சூடம் மட்டும் காட்டியிருக்கிறார்கள்.

எனக்கு இதில் ஒரு வருத்தமும் இல்லை. ஒவ்வொரு ஊரிலும் தேங்காயை என் கையில் கொடுத்து உடைக்கச் சொல்வார்கள். நானும் பிஸ்மி சொல்லி உடைப்பேன். இதுவரை இரு தரப்பிலும் புகார் வந்ததில்லை. "மேடம், நீங்க நல்ல நேரம் பார்ப்பீங்களா?" என்று கேட்டால், "மூணு பேஸ் கரண்டும் வருதான்னு பார்ப்பேன்" என்பேன்.

பழைய மில்லை அனுப்பிவைத்த நாள்

ஆனால் நல்லசாமி பார்த்த நல்ல நேரம் கொஞ்சம் அதிகம்.

புதிய மில் ஓட ஆரம்பிப்பதற்கு முன்பே பழைய மில்லைக் கழற்றி விற்றுவிட்டார். திறப்பு விழாவுக்குச் சுற்றுவட்டாரப் பண்ணைக்காரர்கள் எல்லோரையும் தங்க எழுத்துப் பத்திரிகை அடித்து அழைத்திருந்தார். அவர்கள் வந்து நிற்கும்போது ஓரத்தில் துருப்பிடித்த பழையது தெரிந்தால் லட்சணமாக இருக்காது என்று மச்சான் சொன்னார். பழையதை வெளியேற்ற ஒரு நல்ல நாள் இருப்பதாக ஜோசியர் சொன்னார். புதிய மெஷினின் ஒரு பாகம் லாரியில் தாமதமாக வருகிறது என்று நான் சொன்னேன். மூன்று பேரில் என் பேச்சுதான் எடுபடவில்லை.

கையிருப்புக்காக நான்கு நாள் தீவனத்தை முன்கூட்டியே அரைத்து மூட்டை கட்டியிருந்தார்கள். தாமதத்திலும் விழாவிலும் மூன்றேகால் நாள் கரைந்துவிட்டது. நாற்பதாயிரம் கோழி. அவை பத்திரிகை படிப்பதில்லை. நேரத்துக்குத் தீவனம் வந்தால் முட்டையிடும். ஒரு நாள் பட்டினி போட்டால் இறகை உதிர்த்துவிட்டு முட்டையை நிறுத்திவிடும். திரும்ப வழிக்கு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும்.

பக்கத்துப் பண்ணையில் கடனாகக் கேட்டால் தீவனம் தருவார்கள். எங்கள் பக்கம் அது சாதாரணம். ஆனால் அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரருக்குத்தான் போன வாரம் தங்க எழுத்துப் பத்திரிகை போயிருக்கிறது.

"நாங்க ஏனுங்க அதைத் தொடறோம்?"

பயிற்சி முடிந்த மறுநாள் காலை எட்டரைக்கு மாப்பிள்ளை போன் செய்தார்.

"மேடம், மிசின் செத்துப்போச்சுங்க."

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலீங்க. ஓடிட்டிருந்துச்சு, நின்னுபோச்சு."

"சிவப்பு பட்டனை யாராவது அமுக்கினாங்களா?"

"ச்சேச்சே. நாங்க ஏனுங்க அதைத் தொடறோம்?"

அந்தப் பதிலில் இருந்த கௌரவம் எனக்கு அப்போது புரியவில்லை. சான்றிதழ் வாங்கிய மறுநாளே பயந்து எமர்ஜென்சி பட்டனை அமுக்கினேன் என்று மாமனார் வீட்டில் எந்த மாப்பிள்ளை சொல்வார்? உள்ளே ஒரு சோளக்கட்டி மாட்டி, தடதடவென்று சத்தம் வந்திருக்கிறது. அவர் எகிறிப்போய் அமுக்கிவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல் நின்றிருக்கிறார். இதைப் பிற்பாடு அவரே எனக்குச் சொன்னார்.

நான் அவர் சொன்னதை நம்பி மற்ற எல்லாவற்றையும் பார்க்கச் சொன்னேன். மெயின் கரண்ட், பேனலில் உள்ள பிரேக்கர், காற்றழுத்தம், கதவு சுவிட்ச். ஒரு மணி நேரம் போனது. "வீடியோ கால்ல பேனலைக் காட்டுங்க" என்றேன். முதலில் தன் முகத்தைக் காட்டினார். அப்புறம் பேனலைக் காட்டினார். திறப்பு விழா அன்று போட்ட சாமந்தி மாலை வாடிப்போய் இன்னும் அதன்மேல் தொங்கிக்கொண்டிருந்தது. மாலையை எடுக்கச் சொன்னேன். "அது ஜோசியர் மூணு நாளைக்கு எடுக்கப்படாதுன்னு சொல்லியிருக்காருங்க" என்றார்.

"மதியத்துக்குத் தீவனம் இருக்கா?"

"காலைக்குப் போட்டதோட தீந்துபோச்சுங்க. மாமா நாமக்கல் போயிருக்காரு. அவருக்கு இன்னும் சொல்லலீங்க."

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மல்லூர் தாண்டும்போது மறுபடி மாப்பிள்ளையின் எண். ஓரமாக நிறுத்தி எடுத்தால், குரல் வேறு.

"மேடம், நான் பாவாயி பேசறேனுங்க. மாப்ள போனை மேசைல வெச்சுட்டு, லைன்மேனைக் கூட்டியாரப் போயிருக்காருங்க. மாலைக்கு அடியில செவப்புக் குமிழு உள்ள போய்க் கெடக்குதுங்க. அதைத் திருக்கோணுமுங்களா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"டீ குடுக்கறப்போ நீங்க சொன்னது காதுல விழுந்துச்சுங்க. அமுக்குனா நிக்கும், திருக்குனா வெளிய வருமுன்னு."

"திருகுங்க. இல்ல, இருங்க! மிக்ஸர்ல சரக்கு நிறைய இருக்குமே? அப்படியே ஓட்டினா மோட்டார் புகைஞ்சிடும்."

"முக்காவாசி இருந்துச்சுங்க. பழைய மில்லுலயும் இந்தக் கதைதானுங்க. கீழ்க்கதவைத் தொறந்து பாதிய அள்ளி வெளிய போட்டுட்டமுங்க."

"கை விடறதுக்கு முன்னாடி…"

"மெயினை ஆப் பண்ணிப் பூட்டிப்போட்டுத்தானுங்க விட்டோம். சாவிய என்ற மடியில சொருகியிருக்கறனுங்க. நீங்கதானுங்க சொன்னீங்க, கை விடறவங்க சாவிய வெச்சுக்கோணும்னு."

நான் சொன்னதுதான். பதினாறாவது ஸ்லைடு. ஒன்பது நாற்காலியையும் தாண்டி அது ஒரே ஒரு ஆளிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

"கதவைச் சாத்துங்க. மெயினைப் போடுங்க. அப்புறம் திருகுங்க. திரையில பச்சையா ஒரு கட்டம் வரும், அதைத் தொடுங்க."

போனுக்குள் ஒரு உறுமல் கேட்டது. பின்னால் பெண்கள் சிரிக்கிற சத்தம். நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிகள் என்னை உரசிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. அந்த இடத்தில் நின்று எனக்குச் சத்தம் போட்டுக் கத்த வேண்டும்போல் இருந்தது. அவ்வளவு சந்தோஷம்.

மதியத் தீவனம்

நான் போய்ச் சேர்ந்தபோது இரண்டாவது கலவை ஓடிக்கொண்டிருந்தது. பாவாயி பேனலுக்கு எதிரே நின்றுகொண்டே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆபரேட்டர் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அதன்மேல் மாப்பிள்ளையின் துண்டு கிடந்தது.

நடுவே ஒருமுறை சோளம் இறங்குவது மந்தமானது. திரையில் மஞ்சள் எழுத்து வந்தது. ஆங்கிலத்தில். பாவாயி அதைப் படிக்கவில்லை. சத்தத்தைக் கேட்டுவிட்டு, ரப்பர் சுத்தியலை எடுத்துப் போய்த் தொட்டியின் சரிவில் இரண்டு தட்டுத் தட்டினார். ஈரச் சோளம் உள்ளே உடைந்து இறங்கியது. மஞ்சள் எழுத்து மறைந்தது.

"இந்த மஞ்சளுக்கு என்னங்க அர்த்தம்?" என்று பிறகு கேட்டார். சொன்னேன். அன்று மதியம் வரை கேட்டுக்கொண்டே இருந்தார். நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். அந்த மெஷினுக்கு நான் கொடுத்த உண்மையான பயிற்சி அதுதான். படம் எடுக்க யாருமில்லை.

கோழி ஷெட்டில் பசிச் சத்தம் காது கிழிய ஏறிக்கொண்டிருந்தது. தள்ளுவண்டியில் தீவனம் போய், தொட்டி நெடுகக் கொட்டக் கொட்ட, அந்தக் கூச்சல் வரிசை வரிசையாக அடங்கி, நாற்பதாயிரம் அலகும் கொத்துகிற டக்டக் மட்டும் கேட்டது. புதிதாக அரைத்த சோள மாவின் இனிப்பு வாசனை என் சுடிதாரில் இரண்டு நாள் இருந்தது.

அப்போதுதான் நல்லசாமி நாமக்கல்லிலிருந்து திரும்பினார். யாரோ வழியில் சொல்லியிருக்கிறார்கள். செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தவர், மில் ஓடுவதைப் பார்த்து நின்றார்.

"மாப்ள! சமாளிச்சுப்போட்டீங்களாட்ட இருக்குது!"

லைன்மேனோடு வந்து நின்ற மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். பாவாயியைப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "ஆமாங்க மாமா."

பாவாயி அடுத்த கலவைக்குத் தவிடு மூட்டையை அவிழ்க்கப் போய்விட்டார்.

ரிப்போர்ட்

ஒவ்வொரு புகாருக்கும் ஒரு ரிப்போர்ட் எழுதி முடிக்க வேண்டும். அதில் ஒரு கட்டம்: 'பழுதைச் சரிசெய்தவர்'.

பாவாயி என்று எழுதினால், அங்கீகாரம் இல்லாதவர் மிக்ஸர் கதவைத் திறந்தார் என்று ஆகும். வாரண்டி போய்விடும். இது ஒரு காரணம். நல்ல காரணம். அத்தாவின் வாடிக்கையாளருக்கு நஷ்டம் வரக் கூடாதே.

இன்னொரு காரணமும் இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. பாவாயி என்று எழுதினால், 'அப்படியானால் நீ யாருக்குப் பயிற்சி கொடுத்தாய்?' என்று தலைமை ஆபீஸ் கேட்கும். ஒன்பது கட்டை விரல் தூக்கிய படம் அவர்களிடம் இருக்கிறது. தேர்ச்சி அடைந்தார் என்று என் கையெழுத்தும் இருக்கிறது.

மாப்பிள்ளையின் பெயரை எழுதினேன். 'ஆபரேட்டர் சமயோசிதமாகச் செயல்பட்டு மோட்டாரைக் காப்பாற்றினார்' என்று ஒரு வரி கூடுதலாகவும் எழுதினேன். அந்த வரியை யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் எழுதினேன். பாவாயி செய்ததை எங்காவது எழுதிவிட வேண்டும் என்று கை அரித்தது. பெயரை மட்டும் மாற்றிப்போட்டுவிட்டேன்.

அந்த வரி தலைமை ஆபீஸுக்கு மிகவும் பிடித்துவிட்டது.

கேடயம்

சில மாதம் கழித்து சேலத்தில் ஒரு ஓட்டல் ஹாலில் வாடிக்கையாளர் கூட்டம். தென்மண்டலத்தின் சிறந்த ஆபரேட்டர் என்று மாப்பிள்ளையை மேடைக்கு அழைத்தார்கள். நல்லசாமி குடும்பம் ஒரு வேன் நிறைய வந்திருந்தது. ஜோசியரும் வந்திருந்தார். கண்ணாடிக் கேடயம், சால்வை. நான்தான் தமிழில் அறிவிப்பு வாசித்தேன்.

கை கழுவுகிற இடத்தில் மாப்பிள்ளை என்னிடம் வந்தார். ஈரோட்டில் செல்போன் கடை வைத்து மூடியவர். அதன்பிறகு மாமனார் முகத்தை நிமிர்ந்து பார்க்காமலே இருந்தவர் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

"எனக்கே ஒரு மாதிரி இருக்குதுங்க மேடம். ஆனா மாமா மொகத்தைப் பாத்தீங்கல்ல? இன்னிக்குத்தானுங்க என்னை மனுசனா மதிக்கறாரு."

எனக்கு அவரைத் திட்டத் தோன்றவில்லை. கேரட் அல்வா நன்றாக இருந்தது, சாப்பிட்டீர்களா என்று கேட்டேன்.

ஒரு போன்

அதற்குப் பிறகு ஒரு நாள் பாவாயி கூப்பிட்டார். மில் ஓடுகிற சத்தத்துக்கு நடுவே பேசினார்.

"திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு பண்ணைல இதே மிசினு போடறாங்களாமுங்க. சம்பளத்துக்கு ஆபரேட்டர் கேக்கறாங்க. போயிக் கேட்டேன். சர்டிபிகேட் இருந்தா வாங்கன்னாங்க. எம்பேருக்கு ஒண்ணு குடுப்பீங்களா மேடம்?"

"அங்க உங்களை இன்னும் ஆபரேட்டர் ஆக்கலியா அக்கா?"

"ஓட்டறது நானுங்க. உக்கார்றது அவருங்க. நோட்டுல கூலிதானுங்க."

எங்கள் விதிப்படி, வாடிக்கையாளர் எழுதிக் கொடுக்கிற பெயருக்குத்தான் சான்றிதழ். அதை மென்று விழுங்கிச் சொன்னேன்.

"அப்ப அன்னிக்கு மிசினைச் சரிபண்ணுனது ஆருன்னு எழுதியிருக்கீங்க?"

சொன்னேன்.

"செரீங்க. காயிதம் இல்லீன்னா போச்சாதுங்க, உடுங்க. அந்தப் பண்ணைக்காரர் நம்பரு தாரேன். பாவாயிக்கு இந்த மிசினு ஓட்டத் தெரியுமுன்னு நீங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. அது போதுமுங்க."

ஒரு வார்த்தை. அதைச் சொன்னால், பயிற்சி பெறாத அவருக்கு எப்படித் தெரியும் என்று அந்தப் பண்ணைக்காரர் கேட்பார். அந்தக் கேள்வி எங்கள் விற்பனைப் பிரிவுக்குப் போகும். அங்கிருந்து என் ரிப்போர்ட்டுக்கு. இப்படியெல்லாம் யோசித்து நான்கு நாள் ஓட்டினேன்.

ஐந்தாம் நாள் கூப்பிட்டேன். பண்ணைக்காரர் மிகவும் மரியாதையாகப் பேசினார்.

"அப்படீங்களா மேடம்? நேத்துத்தானுங்க முடிவாச்சு. நம்ம சம்சாரத்தோட தம்பி ஒருத்தர் ஊட்டுல சும்மா இருந்தாருங்க. அவரையே போட்டுட்டோம். நீங்களே வந்து சொல்லிக்குடுத்துப்போடுங்க."

போனேன். சொல்லிக்கொடுத்தேன். அவர் ஒரே ஒரு சந்தேகம் கேட்டார், ஏசி எந்தப் பக்கம் வரும் என்று. தேர்ச்சி அடைந்தார் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து பாவாயிக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். "நாஞ் சொன்னதுமே கூப்புட்டுப் பேசியிருந்தீங்கன்னா?" என்று அவர் கேட்கவில்லை. "செரீங்க மேடம். மிசினு சத்தம் மாறுது, என்னன்னு பாக்கோணும்" என்று வைத்துவிட்டார். அன்றைக்கு எனக்கு என்மேல் வந்த அருவருப்பு இன்னும் போகவில்லை.

நல்லசாமி பண்ணை மில்லின் வாரண்டி போன மாதம் முடிந்தது. பார்த்தீர்களா, என் தைரியம் சரியாக அதற்கு மறுமாதம் வந்திருக்கிறது. நான் இன்னும் அதே கம்பெனியில்தான் இருக்கிறேன். இந்த இதழ் கடைக்கு வந்த பிறகு இருப்பேனா என்று தெரியாது.

எழுத வேண்டியதை எழுதிவிடுகிறேன். அன்று மாலைக்கு அடியில் அமுங்கிக் கிடந்த குமிழைக் கண்டுபிடித்தவர் பாவாயி. மெயினை நிறுத்தி, சாவியை மடியில் செருகிக்கொண்டு, மிக்ஸரைப் பாதி காலி செய்து மோட்டாரைக் காப்பாற்றியவர் பாவாயி. அந்த மெஷினை ஓட்ட எங்கள் ஜில்லாக்களில் நான் பார்த்தவரை முழுத் தகுதி உள்ள ஆள் அவர் ஒருவர்தான். ஆபரேட்டர் தேடுகிற பண்ணைக்காரர்கள் இந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொள்ளலாம். கம்பெனி முத்திரை இருக்காது. கையெழுத்து வேண்டும் என்றால் நேரில் வந்து போட்டுத் தருகிறேன், இந்த முறை நான்கு நாள் ஆகாது.